குமணன்சாவடிக் குளத்தில் இரண்டு தட்டான்கள்

குமணன்சாவடி தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலைக்குக் கீழே ஒரு குளம். கோரைத் தண்டிலிருந்து பெரிய தட்டான் ஒன்று எழும்பி, ஒரு கொசுவைப் பிடித்துக்கொண்டு அதே தண்டுக்குத் திரும்புகிறது. பக்கத்தில் ஊசி போல ஒல்லியாக, நீல நிறத்தில் இன்னொன்று. நான் குனிந்து பார்ப்பதைப் படியில் துணி துவைக்கும் பெண் கவனிக்கிறார்.

“இன்னாம்மா, அப்டிப் பாத்துகினு கீற?”

“அந்தச் சின்னது பெருசோட குட்டிதானேக்கா?”

“அய்ய, குட்டியா! அது வேற, இது வேற. பெருசு குந்துனா றெக்கைய விரிச்சிகினு கீது பாரு. ஊசித்தட்டான் முதுவு மேல மூடிகினு கீது. அது எப்பவும் அவ்ளோதான், வளராது.”

உற்றுப் பார்க்கிறேன். அவர் சொல்வது சரிதான்.

பதினைந்து வருடங்களுக்கு முன், ஆவடி குவார்ட்டர்ஸில், என் தங்கை சுமதியும் இதையேதான் சொன்னாள். ஊசித்தட்டான் ஒன்றைத் தீப்பெட்டியில் அடைத்து, பெரிதாக வளரும் என்று நான் காத்திருந்தேன். இது வளரவே வளராது என்று அவள் திறந்து பறக்கவிட்டாள். கன்னத்தில் அறைந்தேன். அப்பா வந்து அவளையே திட்டினார். எட்டு வயதுக்காரி, சாப்பிடாமலே தூங்கிப்போனாள்.

டயர் மாற்ற நேரமாகும் என்கிறார் நடத்துநர். எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவளைக் கூப்பிடுகிறேன்.

“சுமதி, ஊசித்தட்டான் பெரிய தட்டானோட குட்டி இல்லடி. நீ சொன்னதுதான் சரி.”



“ரொம்ப வலிச்சுதுக்கா,” என்கிறாள், நேற்று அடி வாங்கியவள் போல.