வேடியப்பன் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

கீழ்பென்னாத்தூர் பக்கத்து வேடியப்பன் சிலை, மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரனின் நடுகல் என்று போன வாரம் இந்த வலைப்பூவில் எழுதியிருந்தேன். அந்தக் கோயில் பூசாரிக்கு யாரோ பிரவுசிங் சென்டரில் படித்துக் காட்டிவிட்டார்கள்.

இன்று பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சாமியைப் போயி செத்தவன்னு எழுதிட்டீங்களே சார்! கல்லுலயே எழுத்து இருக்குது, வந்து படிங்க."

கூடவே போனேன். பல வருட எண்ணெய்ப் பிசுக்கை அவரே சீயக்காய் போட்டுத் தேய்த்தார். அந்த எண்ணெய்தான் காப்பாற்றியிருக்க வேண்டும், ஓர் எழுத்துகூட மழுங்கவில்லை. பழைய வட்டெழுத்து, மெதுவாகப் படித்துச் சொன்னேன். மாடு மீட்டு இறந்தவன்தான்.

பூசாரி கற்பூரம் ஏற்றினார்.

"ஊரு மாட்டுக்காக உசுரையே விட்டிருக்காரு. அவரு சாமி இல்லாம வேற யாருங்க?"

எண்ணெய் ஊற்றிய கைக்கு நன்றி. பூசாரியின் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.