அரியாலையில் முதல் சோபா

அரியாலையில் ஜப்பான்காரரின் சோபா என்கிற சாப்பாட்டை முதன்முதலில் சாப்பிட்டவள் நான். இதைச் சொல்லும்போதெல்லாம் என் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு முன் சாப்பிட்ட ஆள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டும், பிறகு கதைக்கலாம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஆறு வருஷத்துக்குப் பிறகு மூன்று மாத லீவில் வந்திருந்தார். அதற்குள் அவருக்குக் கலியாணம் முடித்து, பெண்ணையும் கூடவே கப்பலேற்றிவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரர் வீட்டில் பெண் பேசி, சாதகமும் பொருந்தி, எல்லாம் ஆயத்தம். மாமாவின் வாயிலிருந்து ஓம் என்ற ஒரு சொல் மட்டும் வரவேண்டியிருந்தது. அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். அந்த இரண்டு கிழமை, பதினாலு நாளில் மாமா குளித்த குளிப்பை ஊரில் வேறு எவரும் குளித்திருக்கமாட்டார்கள். நீர்வேலியார் வேறு சம்பந்தம் பார்க்கிறார்களாம் என்ற கதையும் வந்து சேர, அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா தன் றங்குப்பெட்டியின் அடியிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குள் போனார். எங்கள் குசினியில் ஒரு ஆம்பிளை கால் வைத்ததை நான் அன்றுதான் கண்டேன். கட்டுக்குள் ஈர்க்கு மாதிரி நீட்டு நீட்டாய், மண்ணிறத்தில், காய்ந்த ஏதோ ஒன்று.

"உதென்ன தம்பி, குரக்கன் இடியப்பத்தைக் காயவைச்சதோ?" என்றார் அம்மா.

"ஓம் அக்கா, கிட்டத்தட்ட அதுதான். சோபா எண்டு சொல்லுவினம். ஜப்பான்காரரின்ரை சாப்பாடு."

இடியப்பம் என்று காதில் விழுந்ததும் அம்மா அவிக்கிற தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார். மாமா மறித்து, கொதிநீரில் போட்டு அவித்தார். அதுவரைக்கும் பரவாயில்லை. அவிந்ததை வடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், வாளி வாளியாய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது அம்மா தலையில் கை வைத்துவிட்டார்.

"இறக்கின சாப்பாட்டை ஆரும் தண்ணியிலை கழுவுவினமே? சனம் கண்டால் என்ன சொல்லும்?"

"இது ஆறித்தான் இருக்கவேணும் அக்கா."

ஆறிப்போனதை வீட்டு மனிதருக்குப் போட அம்மாவுக்கு மனம் வருமா? சூடாக ஒரு சட்டி சொதி வைத்தார். மாமா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஐயாவின் கோப்பையிலும் அண்ணையின் கோப்பையிலும் அள்ளி ஊற்றிவிட்டார். ஐயா மணந்து பார்த்துவிட்டு, "உதைச் சாப்பிட்டோ உவங்கள் சண்டையிலை ரஷ்யாக்காரனை வெண்டவங்கள்?" என்று கேட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அண்ணை தன் பங்கை நாய்க்கு வைத்தார். நாய் சொதியை மட்டும் நக்கிவிட்டுப் போனது.

தப்பியவை என்னுடைய கோப்பையும் மாமாவுடையதும்தான். மாமா ஒரு போத்தலிலிருந்து உப்புக் கரிக்கும் கறுப்புச் சாறு கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றினார். பிறகு இரண்டு சோடிக் குச்சிகளை எடுத்து வந்தார். கறுப்புச் சோடி நீளம், சிவப்புச் சோடி கட்டை. கறுப்பைத் தான் வைத்துக்கொண்டு சிவப்பை எனக்குத் தந்தார். என் கைக்குக் கனகச்சிதம். விரல்களைப் பிடித்து மாமா பழக்க, மூன்று தரம் மடியில் விழுந்து, நாலாம் தரம் வாய்க்குப் போனது. சத்தம் கேட்க உறிஞ்சவேண்டும், அதுதான் அவர்களுக்கு மரியாதை என்றார். சாப்பிடும்போது சத்தம் கேட்டால் குட்டு விழுகிற வீட்டில், ஐயாவுக்கு முன்னாலேயே இருந்துகொண்டு உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சினேன். ருசியைக் கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், பெரிதாய் ஒன்றுமில்லை. ஆனால் மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவே ஒரு இழை மிச்சம் விடாமல் முடித்தேன்.

"பிள்ளை நல்லாப் பிடிச்சிட்டாள்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகையாக்கும் என்று நினைத்தேன்.

கோப்பைகளை எடுக்க வந்த அம்மா, என் சிவப்புக் குச்சி ஒன்றைத் தூக்கி நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அங்கே நிறம் போய் மரம் தெரிந்தது. பிறகு தம்பியைப் பார்த்தார். மாமா அன்று குளிக்கப் போகவில்லை. தலை குனிந்தபடி நின்றார்.

"உதுக்குரிய ஆள் இப்ப எங்கை?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"தன்ரை ஊருக்கே போயாச்சு அக்கா." அந்தக் குச்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "நீர்வேலிக்குச் சொல்லியனுப்பு," என்றார்.

இரண்டு கிழமையாய் அதற்காகத் தவம் கிடந்த அம்மா துள்ளிக் குதிக்கவில்லை. சட்டியில் மிச்சமிருந்த சோபாவை, ஆறியபடியே, சொதி விடாமல், குசினி மூலையில் தனியே இருந்து முழுவதையும் சாப்பிட்டார்.

எனக்கோ கால் நிலத்தில் பாவவில்லை. நான் சாப்பிட்ட சாப்பாட்டில் மனம் குளிர்ந்துதான் மாமா கலியாணத்துக்குச் சம்மதித்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கலியாண வீட்டில் புதுமாமியிடமே இதைச் சொன்னேன். மாமியும் சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினார். மாமியோடு றெயில் ஏறிய அன்று மாமா அந்தச் சிவப்புச் சோடியைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தார்.

"உன்னோடையே இருக்கட்டும்," என்றார்.

மறுநாளே பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். என் மாமா எனக்கென்று அளவு சொல்லிச் செய்வித்தது என்று வகுப்பு முழுக்கக் காட்டினேன். புதுச் சாமானின் நுனி ஏன் தேய்ந்திருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். உனக்கு எரிச்சல் என்று சொல்லிப் பறித்துக்கொண்டு வந்தேன். ஜப்பானில் சிவப்பாய், கட்டையாய்ச் செய்கிற சோடி மனைவிக்கு உரியது என்று நான் அறிந்தபோது, மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை.