சுவருக்குள் ஒரு கதவு

1997 ஜூன் 14, சனிக்கிழமை. கோவையின் பழைய திரையரங்கு ஒன்றைப் புதுப்பித்து அன்று திறந்தார்கள். விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதித் தந்தவன் நான். அதில் ஒரு பத்தியை என்னைக் கேளாமலே நீக்கிவிட்டார்கள். முன்பு பெண்கள் பகுதியாக இருந்த இடத்தில், இடப்பக்கச் சுவரில் ஒரு கதவு இருந்ததைப் பழைய வரைபடத்தில் கண்டேன். அதை மீண்டும் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான்.

"செவுத்துல ஏதுங்க கதவு? வாத்தியாருக்குக் கண்ணாடி மாத்தோணுமாட்ட இருக்குது" என்று சிரித்தார் மேலாளர் தம்பிதுரை.

முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் பணிபுரிந்தவன் நான். பொய் எழுதிப் பழக்கமில்லை. இனி வருவது முழுதும் நடந்தது.

ஜூன் 2, பிற்பகல் 3.40. ஒலியையும் ஒளியையும் சரிபார்க்கப் படம் ஓட்டினார்கள். மேலே ஆபரேட்டர் ரசாக். கீழே நான் ஒருவன். அந்தச் சுவரின் அருகே அமர்ந்தேன்.

4.10. படம் மறைந்தது. திரையில் கையால் எழுதிய சிலைடு. பார்வையாளரை அவசரமாக அழைக்க, அக்காலத்தில் கண்ணாடியில் பெயரெழுதி இப்படிக் காட்டுவார்கள்.

'உக்கடம் சென்னியம்மாள் உடனே வெளியே வரவும்.'

பின்னால்... டப். மரப்பலகை இருக்கை மடங்கும் ஓசை. அங்கே இருந்தவை அனைத்தும் மெத்தை நாற்காலிகள்.

வளையல் குலுங்கியது. அந்த ஓசை என்னைக் கடந்து சுவரை நோக்கிப் போனது.

தட்டல். மூன்று... பிறகு ஒன்று.

மூன்று... ஒன்று.

வேகமாக.

உள்ளங்கைகளால்.

பிறகு...

4.14. தட்டல் நின்றது.

ரசாக் வியர்த்து இறங்கி வந்தார். "நான் போடலீங்க சார். சிலைடு மெசினக் கழட்டி வித்துப்போட்டாங்க. ஆனா... அது எங்க அத்தா கையெழுத்துங்க." முன்பு அங்கே ஆபரேட்டராக இருந்த அவர் தந்தை இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன.

உக்கடத்தில் விசாரித்துச் சென்னியம்மாளின் மகள் ராசம்மாளைக் கண்டேன். தாய் இறந்த 1951இல் அவருக்கு ஒன்பது வயது. தட்டலைப் பற்றி நான் மூச்சுக்கூட விடவில்லை.

"தம்பிக்கு ஜன்னி கண்டுருச்சுங்க. நாந்தான் சிலைடு போடச் சொல்லிப்போட்டு, பொம்பளைங்க பக்கத்துக் கதவுக்கு வெளிய நின்னேன். உள்ள தீப்புடிச்சுருச்சு. ஆராச்சும் ஓசியில பூந்துருவாங்கன்னு வெளிய பூட்டிருந்தாங்க. அம்மா தட்டுனா. மூணு தட்டு, அப்புறம் ஒண்ணு. எங்க ஊட்டுக் கதவ அப்படித்தானுங்க தட்டுவா."

இதைத் தம்பிதுரையிடம் அப்படியே சொன்னேன். மறுநாள் அந்தச் சுவருக்கு மட்டும் இன்னொரு முறை வண்ணம் பூசினார்கள்.

அங்கே படம் பார்க்கப் போகிறீர்களா? கதவு எங்கே என்று கேளுங்கள். திறந்து காட்டும்வரை உங்கள் வீட்டுப் பெண்களை அந்தப் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.