பக்கத்து நிலத்துக்காரர்

எங்கள் தேவாலயத்தில் ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்து, பதிவேட்டில் மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கோயில் பணியாளர் காதருகே வந்து, "தொம்மலூர் முதலியார் போய்ட்டாராம் ஐயா" என்றார். மணமக்கள் முன்னால் அழவா முடியும்? சிரித்த முகத்தோடு வாழ்த்தி அனுப்பிவிட்டு, அங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்தேன். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கடைசியாக அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் சபாபதி முதலியாரைத் தெரியும். மைசூர் அரசாங்கத்தின் சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி, கையில் குடை. ஆனால் அந்தக் கூட்டமே அவரால்தான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. சுதந்திரம் வந்த புதிது. ஆஸ்டின் டவுனில் எங்கள் கோயிலை ஒட்டிய ஹாலில், இந்துக்கள் எதை நம்புகிறார்கள் என்று சபையாருக்கு ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். எல்லாம் புத்தகம் பார்த்துத் தயாரித்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. முடித்ததும், கடைசி பெஞ்சிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுந்தார்.

"ரொம்ப நல்லா பேசுனீங்க பாதிரியாரே. ஆனா இவ்ளோ நேரம் சொன்னீங்களே, அது எந்த ஊர் மதம்? எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட அதுல இல்லையே?"

ஹாலே சிரித்தது. எனக்கு முன்கோபம் என்பது நீங்கள் அறிந்ததுதான். வாசலில் அவரை மடக்கிச் சண்டைக்கு நின்றேன். அவர் அசரவில்லை.

"நான் சர்வேக்காரன். ஒரு நெலத்தை அளக்கப் போனா, பக்கத்து நெலத்துக்காரனையும் ஆள் விட்டுக் கூப்பிடுவோம். அவன் வந்து நிக்காம கல்லு நட்டா நாளைக்கு வம்பு. நீங்க எங்க நெலத்தை அளந்தீங்க, எங்களைக் கூப்பிடலையே?"

அடுத்த வெள்ளிக்கிழமையே கூப்பிட்டேன். ஒரே ஒரு விதி வைத்தார். மற்றவர் நம்புவதை அவர் முன்னாலேயே நாம் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே வாதம். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? விபூதி எதற்கு என்று அவர் ஒப்பும்படி சொல்ல எனக்கு நான்கு வாரம் பிடித்தது. மூன்று முறை "இல்லீங்க" என்று தலையை ஆட்டிவிட்டார். நான்காம் முறை "ஆமா" என்று தலையசைத்தபோது, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி வீட்டுக்குப் போனேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் எங்கள் மும்மணி ஆராதனையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கேட்டார்: "சிலுவையில தொங்கிக்கிட்டு, ஏன் என்னைக் கைவிட்டீர்னு கேக்குறாரே, அதுக்குப் பதில் வந்துச்சா?"

"வரலை" என்றேன்.

"ஹவுதா?" ஆச்சரியம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "நீங்களா ஒரு பதிலை இட்டுக்கட்டாம விட்டு வெச்சிருக்கீங்களே, அதுக்கே ஒரு கும்பிடு."

எத்தனை வருஷமாகப் பிரசங்கம் செய்கிறேன், அந்த மௌனத்தை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். சபைக் கமிட்டியில் சிலருக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. "வருஷக்கணக்கா பேசுறீங்களே ஐயா, ஒரு ஆத்துமாவாவது வந்துச்சா?" என்று குடைந்தார்கள். ஹாலைப் பூட்டிவிடுவார்களோ என்று பயந்து, சபைப் பத்திரிகைக்கு எழுதிய அறிக்கையில், 'தொம்மலூர்ச் சைவப் பெரியவர் ஒருவர் ஆண்டவரின் வாசலில் நிற்கிறார். இன்னும் ஓரடிதான்' என்று எழுதிவிட்டேன். பெயர் போடவில்லையே என்று மனசாட்சிக்குச் சமாதானம் வேறு. அப்படி எங்களிடம் வந்துகொண்டிருந்த தொம்மலூர்ப் பெரியவர் எத்தனை பேர்? ஒரு மாதத்துக்குள், அவர் பெண்ணைப் பேசிவைத்திருந்த வீட்டார், "நீங்க கிறிஸ்தவ வேதத்துல சேரப்போறீங்களாமே" என்று கேட்டுவிட்டுச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையை என் முன்னால் வைத்தார். "படிங்க, நான் கேக்குறேன்."

எல்லோர் முன்னாலும் படித்தேன்.

"இது நானா?"

"இல்ல."

"அப்ப ஏன் எழுதுனீங்க?"

"ஹாலைக் காப்பாத்த."

"காப்பாத்திட்டீங்க" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழு வாரம் வரவில்லை. ஒரு மறுப்பு எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் தொம்மலூருக்குப் போய், அவர் முன்னால் நின்றே படித்துக் காட்டினேன். நான் எழுதியது பொய், அவர் தம் சமயத்தில் உறுதியாக இருக்கிறார், எங்கள் பேச்சு அவரை அசைக்கவில்லை என்று இருந்தது.

"அசைக்கலைன்னு போடாதீங்க. அதுவும் பொய்தான்" என்றார். "அசைஞ்சிருக்கேன். எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல. அதைப் பாக்கத்தான் வந்துட்டிருந்தேன்."

அந்த வரியை அடித்துவிட்டு மற்றதை அச்சிட்டோம். அந்த மாதமே கமிட்டி ஹாலைப் பூட்டியது. நடுத்தெருவில் நின்ற எங்களை அவர்தான் ஆள் அனுப்பி அழைத்துத் தம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார். பெண்ணுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வேறு இடம் அமைந்தது. அதன் பிறகும் கூட்டம் அங்கேதான் நடந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர் மனைவி ராஜம்மாளைப் பார்க்கப் போனேன். அவரைப் பற்றி எழுதியதை அவருக்குப் படித்துக்காட்ட இனி வழியில்லை. அந்த அம்மாளாவது கேட்கட்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடி முழுவதையும் கேட்டார். 'என்னை மன்னித்துத் தம் வீட்டையே திறந்துவிட்டார்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

"அது மட்டும் வேணாம் ஐயா" என்றார். "அவர் மன்னிக்கல. பொண்ணு அழுததை அவர் மறக்கவே இல்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்களை ஒரு பாட்டம் திட்டுவாரு. திட்டி முடிச்சிட்டு, 'பாயை விரி, பாதிரியார் வர்ற நேரமாச்சு'ன்னுவாரு."

அந்த வரியை அங்கேயே அடித்தேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் அத்தனை வருஷமும் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவரோ, கோபம் ஆறாமலே என் எதிரில் உட்கார்ந்து, என் நம்பிக்கையை நான் "ஆமா" என்று சொல்லும்வரை திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்திருக்கிறார். முதலியாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.