கலியபெருமாள் கொல்லையில் கானாங்கோழி

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு கிராமங்களில் எந்தப் பம்புசெட் மோட்டார் புகைந்துபோனாலும், அதைக் கழற்றி டூவீலர் பின்சீட்டில் கட்டிக்கொண்டு ஆட்கள் நேரே கலியபெருமாள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். வீட்டின் முன்பகுதியே கடை. முப்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். செம்புக் கம்பியைச் சுற்றும்போது வாய் பேசமாட்டார். மனைவி ஜெயா சாப்பிடக் கூப்பிட்டால் இடது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். எண்ணிக்கொண்டிருக்கிறேன், கலைக்காதே என்று அதற்கு அர்த்தம்.

போன தை மாதம், பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து குவளை நழுவியது. குனிந்து எடுக்கப் போனார். கை போகவில்லை. தஞ்சாவூரில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது வலது கால் இழுத்து இழுத்தாவது நடந்தது. வலது கை மட்டும் யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்ததுபோல் தொங்கியது. பேச்சு வந்தது. ஆனால் ‘ர’வும் ‘ற’வும் ‘ழ’வும் வாய்க்குள்ளேயே வழுக்கி விழுந்தன.

ஐம்பத்தாறு வயது. கடை ஷட்டர் இறங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் உரக்கக் கத்தினார்கள். “அண்ணே! இப்பப் பரவாயில்லையாண்ணே?” அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பிரதீபா சாயங்காலம் வீடியோவில் வந்தால்கூட, இடது கையை ஒரு தரம் ஆட்டிவிட்டு போனை ஜெயாவிடம் நீட்டிவிடுவார்.

ஜெயா ஒயர் கூடை பின்னுகிறவள். அதற்கென்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டமே உண்டு. சிவன் கண் முடிச்சில் ஒன்று, நெல்லிக்காய் முடிச்சில் ஒன்று, சாப்பாட்டுக் கேரியர் வைக்க உயரமாய் ஒன்று என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கூடத்து மூலையில் எப்போதும் ஒரு பாதிக் கூடை வால்களை விரித்துக்கொண்டு கிடக்கும்.

வாரம் இரண்டு நாள் ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபிஸ்ட் ஃபஹ்மிதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சொன்னாள்.

“அங்கிள், பந்தை அமுக்குங்கன்னா அமுக்க மாட்டேங்கறீங்க. கிளிப்பு எடுத்து மாட்டுங்கன்னா கோவம் வருது. இந்த ஒயரைப் பின்னிப் பாருங்களேன்.”

“அது பொம்பளைங்க வேலை” என்றார் கலியபெருமாள்.

அடுப்படியிலிருந்து ஜெயாவின் குரல் வந்தது. “ஆமாம், செம்புக் கம்பின்னா ஆம்பளை வேலை, பிளாஸ்டிக் கம்பின்னா பொம்பளை வேலை. எந்தக் கோர்ட்டுல தீர்ப்புச் சொன்னாங்க?”

ஃபஹ்மிதா சிரித்துவிட்டாள். அவருக்கும் உதட்டின் ஒரு பக்கம் இழுத்தது. மறுநாள் ஜெயா பச்சையும் வெள்ளையுமாக இரண்டு கட்டு ஒயரை அளந்து வெட்டி, கொல்லையில் அவர் நாற்காலிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் நாலு சாதா முடிச்சுப் போட ஒரு மணி நேரம் ஆயிற்று. இடது கை சொன்னதை வலது கை கேட்கவில்லை. ஒயர் நுனியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே செருகி, விழாமல் பிடித்திருக்கவே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஜெயா பக்கத்தில் வந்து குனிந்தாள். “நீ தொடாதே” என்றார். அதோடு அவள் தொடுவதில்லை. கூடையின் அடியைப் போட்டு முடிக்கவே ஆடி முழுக்கப் போய் ஆவணியும் பாதி போய்விட்டது. இரண்டு தரம் பிரித்துப் போட்டார்.

அடி முடிந்த அன்று மத்தியானம்தான் அதைப் பார்த்தார்.

கொல்லையின் கடைசியில் துவைக்கிற கல், அதைத் தாண்டி நாலு வாழை, அப்புறம் கோரையாற்றிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால். வாய்க்கால் ஓரமெல்லாம் ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டிக் கிடந்தன. அதற்குள்ளிருந்து ஒரு பறவை வெளியே வந்தது. முதுகு கறுப்பு. முகத்திலிருந்து வயிறு வரைக்கும் சுண்ணாம்பு அடித்த வெள்ளை. ஒவ்வோர் எட்டுக்கும் குட்டை வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. வாலுக்கு அடியில் செங்கல் நிறம். அலகில் ஒரு காய்ந்த கோரைத் துண்டு. அங்குமிங்கும் பார்த்துவிட்டுப் பழையபடி புதருக்குள் போயிற்று.

கானாங்கோழி. மழை நாளில் விடிய விடியக் கத்துகிற குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறார். ஆனால் அது நின்று நிதானமாக நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். இத்தனை வருடம் கொல்லைப்பக்கம் பகலில் உட்கார அவருக்கு நேரம் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு பார்வையெல்லாம் அங்கேதான். சில நாள் கழித்து, ஜெயா ரேஷன் கடைக்குப் போயிருந்த சமயம், தடியை ஊன்றிக் கல்லையும் வாழையையும் கடந்து வாய்க்கால் விளிம்பு வரை போனார். மேடும் பள்ளமுமான அந்த இருபது அடியைத் தனியாக நடக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். கோரையை விலக்கினார். தட்டுப்போல் வளைந்த கூட்டில் ஆறு முட்டைகள். சந்தன நிறத்தில் பழுப்புப் பொட்டுகள்.

ஜெயா திரும்பி வந்தபோது அவர் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“விழுந்து கிடந்தா நான் யாரைக் கூப்பிடுவேன்? புத்தி இருக்கா உங்களுக்கு?”

“ஆறு முட்ட” என்றார் அவர். முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு பக்க உதடும் சிரித்தது.

திட்டிக்கொண்டே அவளும் எட்டிப் பார்த்தாள். அப்புறம் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஆணும் பெண்ணும் முட்டைமேல் மாற்றி மாற்றி உட்கார்ந்தன. கலியபெருமாள் அடிப்பக்கத்து ஒயர்களை மேலே மடக்கி, கூடையின் சுவரை எழுப்ப ஆரம்பித்தார். நாளைக்கு ஒரு வரிசை. அதற்கு மேல் கை தாங்காது. இருபது நாளில் குஞ்சு பொரிக்கும் என்று ஃபஹ்மிதா போனில் பார்த்துச் சொன்னாள். கீரி வந்தால் தடியால் கல்லைத் தட்டுவார். பூனை வந்தால் ஜெயாவைக் கூப்பிடுவார். அசையாமல் உட்கார்ந்தே இருந்ததால் வேறு என்னென்னவோ கண்ணில் பட்டன. மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குளவி மண்குடம் கட்டிக்கொண்டிருந்தது. விறகுக்கட்டை நடுவே சாரை ஒன்று தலை முதல் வால் வரை சட்டையை முழுசாகக் கழற்றிப் போட்டிருந்தது. ஃபஹ்மிதா வந்தால் பயிற்சிக்கு முன்னால் கொல்லைச் சேதி. ஒவ்வொன்றையும் அவர் சொல்லியாக வேண்டும், ‘ர’வும் ‘ழ’வும் தடுக்கத் தடுக்க. அவளும் அவசரப்படாமல் கேட்பாள்.

புரட்டாசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் வாய்க்காலின் எதிர்க்கரையில் ஜேசிபி சத்தம் கேட்டது. மழைக்கு முன்னால் ஆகாயத்தாமரையை அள்ளுகிற வேலை. நீளக் கை வாரிப் போட்ட இடமெல்லாம் சேறும் வேருமாகக் கரையில் குவிந்தன. இயந்திரம் இவர்கள் கொல்லைக்கு நேராக வர இன்னும் அறுபது, எழுபது அடிதான் இருந்தது.

“ஜெயா!” என்றார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

கலியபெருமாள் எழுந்தார். எட்டு மாதமாக வெளி ஆள் ஒருவரிடமும் அவராகப் போய்ப் பேசியதில்லை. தடி வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. அதை எடுக்காமல், மடியிலிருந்த கூடையை இடது கையில் பிடித்தபடியே வாழையைத் தாண்டி விளிம்புக்குப் போனார். கூடையைத் தூக்கி ஆட்டினார். ஜேசிபி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து தலையை நீட்டினான். முப்பது வயதுக்காரன், பெயர் அரசப்பன் என்பது அப்புறம் தெரிந்தது.

“என்ன பெரியவரே?”

“முட்ட இருக்கு. கானாங்கோழி. இங்க அள்ளாத.”

“என்ன கோளாறுங்கறீங்க?”

“கோ… ழி!” அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்த ‘ழி’ சுத்தமாக வந்தது.

எதிர்க்கரையில் குடையோடு நின்ற பெண் முன்னால் வந்தாள். குந்தவை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் பத்து மா நிலம் சாகுபடி செய்கிறவள். அவள் மோட்டாரை இவர்தான் இரண்டு தரம் கட்டிக் கொடுத்திருக்கிறார். இந்த வாய்க்காலைச் சுத்தம் பண்ணச் சொல்லி மூன்று மனு எழுதியவளும் அவளே.

“அண்ணே, நீங்களா? நல்லா பேசுறீங்களே!” என்றவள், விஷயம் புரிந்ததும் முகம் மாறினாள். “கோழிக்குப் பாவம் பாக்குறீங்க, சரி. என் நாத்தங்காலு காஞ்சு வெடிக்குது. அதுக்கு யாரு பாவம் பாக்குறது? இங்க ஒரு திட்டு விட்டா, மேலேருந்து மிதந்து வர்றதெல்லாம் இதுலதான் வந்து அடைக்கும். தண்ணி எனக்கு எப்படி வரும்?”

அவள் சொன்னதில் தப்பில்லை. கலியபெருமாளுக்கு அது தெரியும். கூடையை நீட்டினார்.

“அது உக்காந்த நாள்லேருந்து நாளைக்கு ஒரு வரிசை போடுறேன். எண்ணிப் பாரு. பதினொண்ணு. இன்னும் ஒம்போது நாள். அதுவரைக்கும் அடைக்கறத நானே எடுக்கறேன். பொரிச்சதும் திட்டையும் நானே எடுத்துடுறேன்.”

“நீங்களா?”

அதற்குள் ஈரத் தலையோடு ஓடிவந்திருந்த ஜெயா மூச்சு வாங்கச் சொன்னாள். “நானும் இருக்கேன்ல? ரெண்டு பேருமா எடுத்துடுறோம், குந்தவை.”

குந்தவை கூடையைப் பார்த்தாள். கோணல்மாணலான முடிச்சுகள் அக்கரையிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கும். “ஒம்போது நாள். பத்தாம் நாள் நானே ஆள் கூட்டிக்கிட்டு வந்து அள்ளிப் போட்டுருவேன். ஒரு நாள் தண்ணி நின்னாலும் வந்துருவேன்.”

“அக்கா சரின்னா எனக்கும் சரி” என்று அரசப்பன் கதவைச் சாத்தினான். பதினைந்தடி விட்டு அப்பால் போய் அள்ளத் தொடங்கினான்.

அந்த நாட்கள் அவர்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தன. விடிந்ததும் பார்த்தால் திட்டின் மேல்பக்கம் ஆகாயத்தாமரை மெத்தைபோல் வந்து அடைந்திருக்கும். ஜெயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். அவள் தள்ளிவிடுவதைக் கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்த கலியபெருமாள் தொரட்டியால் மாட்டி இழுப்பார். ஒற்றைக் கையால் தொரட்டி நிற்காது, சுழலும். மூன்றாம் நாள் ஒரு பெரிய கொத்து மாட்டிக்கொண்டு அவரையே முன்னால் இழுத்தது. அவர் யோசிக்கவில்லை. வலது கை தானாகப் போய்க் கழியைப் பிடித்தது.

ஜெயா தண்ணீரில் நின்றபடியே அதைப் பார்த்தாள். அடுத்த கொத்தைத் தள்ளிவிட்டாள்.

ஐந்தாம் நாள் அவளுக்குக் காலில் சேற்றுப்புண் வந்துவிட்டது. மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினாள். அன்றைக்குக் குந்தவை வந்தாள். தண்ணீர் நின்றுவிட்டதோ என்று கலியபெருமாள் பயந்தார். “வருது, வருது. குறைச்சலா வருது, ஆனா வருது” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு அவளும் வாய்க்காலில் இறங்கினாள். “நாத்துக்குத் தண்ணி கட்டியாச்சு. வீட்டுல சும்மாதான உக்காந்திருக்கேன்.”

கூடையில் வரிசை பதினெட்டு ஏறியிருந்தபோது குஞ்சுகள் வந்துவிட்டன. கணக்கு இரண்டு நாள் பிசகியிருந்தது. காலையில் கூட்டில் ஓடுகள்தான் இருந்தன. ஒரு முட்டை பொரிக்கவில்லை. கலியபெருமாளின் முகம் சுண்டியது. அந்த நேரத்தில் ஜெயா அவர் தோளைத் தொட்டு வாழைப் பக்கம் காட்டினாள். தாய்க்குப் பின்னால், கரியை உருட்டிப் போட்டதுபோல் கறுப்பாக ஐந்து, வாழைத் தண்டுகளுக்கு நடுவே குடுகுடுவென்று ஓடின. ஒன்று துவைக்கிற கல்லில் முட்டிக்கொண்டு, எழுந்து, மற்றவற்றைப் பிடிக்க ஓடியது. அடுத்த வாரம் நாலுதான் கண்ணில் பட்டது. கீரியாக இருக்கலாம். அன்று அவர் கூடையைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் பிரதீபா போனில் வந்தபோது, ஜெயா கையிலிருந்து அவரே போனை வாங்கினார். வாய்க்கால் முழுக்கச் சுற்றிக் காட்டினார். அரை மணி நேரம் பேசினார். பாதி புரியாவிட்டாலும், “அப்பா, இன்னொரு தரம் சொல்லுப்பா” என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னார்.

திட்டை எடுக்க அவர்களுக்கு நாலு நாள் ஆயிற்று. கூடை ஐப்பசியில் முடிந்தது. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. ஃபஹ்மிதா “இது எனக்குத்தான்” என்று அதைத் தூக்கிக்கொண்டு போய், இப்போது அதில்தான் பயிற்சிச் சாமான்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். இரண்டாவது கூடைக்கு அவர் பிஸ்கட் முடிச்சு போடுகிறேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருக்கிறார். காயில் கட்ட இன்னும் கை வரவில்லை. வருமா என்று ஃபஹ்மிதாவும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் ஷட்டரைக் காலையில் பாதி தூக்கிவிட்டு உட்காருகிறார். கெட்டுப்போன மோட்டாரோடு வருகிறவர்கள் அவரிடம் காட்டிவிட்டுத்தான் மன்னார்குடிக்கு எடுத்துப் போகிறார்கள். யாராவது கத்திப் பேசினால், “காது நல்லாக் கேக்குது தம்பி” என்கிறார்.

போன வாரம் காலை ஜெயா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்க வாங்களேன்! இது என்ன காலடி?”

அவர் போய்ப் பார்த்தார். வாய்க்கால் விளிம்புச் சேற்றில் ஐந்து விரலும் பதிந்த தடங்கள், வரிசையாக. நாயுடையது இல்லை, கீரியுடையதும் இல்லை. பக்கத்தில் மீன் செதில்கள் ஒரு கைப்பிடி சிதறிக் கிடந்தன. குனிந்து, வலது கையை மெதுவாகத் தடத்தின் மேல் வைத்து அளந்தார்.

“தெரியலையே” என்றார். “முக்காலிய எடுத்துட்டு வா. உனக்கும் ஒண்ணு எடுத்துக்க.”