ஓடும் ரயிலில் குதித்த சித்தி

கும்மிடிப்பூண்டி லோக்கலில், எதிரே இருந்த சிறுமி எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஐம்பதுகளின் கரிரயில் வாசனை வந்துவிட்டது.

கல்யாணமாகிப் புதிதாக வந்த சித்தியோடு, பெரியம்மாவும் அண்ணனும் நானுமாக, அன்று பட்டணம் போய்க்கொண்டிருந்தோம்.

"ஓடுற ரயில்ல குதிச்சா, ரயிலு முன்னாடி பூடும். நாம பின்னாடி சுவத்துல மோதிக்குவோம்" என்றான் அண்ணன்.

"மோத மாட்டோம். ரயிலு போற வேகத்துலதான் நாமளும் போய்க்கினு இருக்கோம்" என்றாள் சித்தி.

யாரும் நம்பவில்லை. சித்தி எழுந்தாள், பட்டுப்புடவையை இழுத்துச் செருகினாள், குதித்தாள். கொலுசு குலுங்க நின்ற இடத்திலேயே இறங்கினாள்.

வீட்டில் பெண்கள் உரக்கச் சிரித்தாலே முறைக்கிற பெரியம்மாவை எல்லோரும் பயத்தோடு பார்த்தோம்.

பெரியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "கண்ணுல கரி வுழுந்துடுச்சி, சரியா பாக்கல. இன்னொரு வாட்டி குதிடீ!"