ஒற்றை இருக்கை வண்டி

பம்பு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்த பிறகு வீட்டுக் காரை அவரால் ஓட்ட முடியவில்லை. பக்கத்து இருக்கை காலியாகக் கிடப்பது கண்ணை உறுத்தியது. சிக்னலில் நிற்கும்போது கை தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

ஒருநாள் காரின் இன்ஜினைக் கழற்றி இறக்கினார். அதை வைத்து வீட்டு முன்னறையிலேயே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார், ஒரே ஒரு இருக்கையோடு.

தங்கை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "என்னண்ணே இது? கார் இன்ஜின தொடைக்கு நடுவுல வச்சுக்கிட்டு போவியா?"

"ஓடும்," என்றார்.

ஓடியது. தடித்த குழாய்களை வளைத்துப் பற்றவைத்த பிரேம், முன்னால் ரேடியேட்டர், பின்னால் கார் டயர். வெளியே எடுக்க முன்னறையின் கதவு நிலையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் ஆடின. தெருக்காரர்கள் அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்தார்கள். பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

காலையில் கிளம்பினால் நெடுஞ்சாலையில் மனம்போன போக்கில் போவார். அந்த இரைச்சலில் எந்த நினைப்பும் கிட்டே வராது.

ஒருநாள் ஆளரவமற்ற சாலையோரம் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். மண் இளகியிருந்தது. ஸ்டாண்டு உள்ளே இறங்க, வண்டி மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. குறைந்தது நாலு ஆளாவது வேண்டும். போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். கூட வேலை பார்த்தவர்களோடு பேசியே வருடங்கள் ஆகியிருந்தன. தங்கை பெயரில் விரல் நின்றது. அழுத்தாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பேருந்து வந்து நின்றது. ஓட்டுநரும் சில பயணிகளும் இறங்கி வந்து தூக்கி நிறுத்தினார்கள்.

"பெருசு, ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க," என்றார் ஓட்டுநர்.

எருமை உறுமியது. ஜன்னலெல்லாம் தலைகள், ஒரே கைத்தட்டல். அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "எப்படிச் செஞ்சேன்னா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். பேருந்து கண்ணுக்கு மறையும்வரை இன்ஜினை அணைக்காமல் நின்றார்.

மறுவாரம் தங்கை வந்தபோது வண்டியின் இருபுறமும் சின்னச் சக்கரங்கள் முளைத்திருந்தன.

"இதென்னண்ணே, குழந்தை சைக்கிளுக்கு மாட்டுற மாதிரி?"

அவர் நடந்ததைச் சொன்னார். "இனிமே சாயாது. யாரையும் கூப்பிடத் தேவையில்ல."

"கூப்பிட்டிருந்தா நாங்க வந்திருக்கமாட்டோமா?"

"உனக்கெதுக்கு அலைச்சல்?" என்றவர், சக்கரம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஸ்டார்ட் செய்தார். தங்கை ஏதோ சொன்னாள். அணைத்துவிட்டுக் கேட்டார், "என்னம்மா சொன்ன?"

"ஒண்ணுமில்லண்ணே," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.